பாஸான வெங்காய விதை

விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். ஈரத்தாளில் நூறு நூறாக விதையை அடுக்கி, முளைத்ததை எண்ணுவதுதான் வேலை. இடுக்கியோடு குனிந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசைய மாட்டாள் என்பதால் கூடத்தில் அவள் பெயர் ‘கொக்கு’.

அந்த வெங்காய விதை பன்னிரண்டாம் நாள் நூற்றுக்கு எழுபத்தாறு முளைத்திருந்தது. எழுபது வந்தாலே பாஸ். ஆனால் முளைகள் நூலாய் மெலிந்து கிடந்தது அவளை உறுத்தியது. யாரும் கேட்காமலே, வயலில் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க மிச்ச விதையைச் சூடும் ஈரமுமான பெட்டியில் மூன்று நாள் வாட்டி எடுத்து, மறுபடி முளைக்க வைத்தாள். நூற்றுக்குப் பத்தொன்பதுதான் தேறியது.

“சார், இதுல வீரியமே இல்ல. வயலுக்குப் போனா தாங்காது.”

“முளைப்பு எவ்வளவு?” என்றார் மேலாளர்.

“எழுபத்தாறு.”

“அப்புறம் என்னம்மா? வீரியத்தை யார் கேட்டா? கையெழுத்தைப் போடுங்க.”

போட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய அண்ணன் விதைக்கடையிலிருந்து போன் செய்தார். வெங்காய விதைப் பையில் இருந்த எண்ணை வாசித்துவிட்டு, “உங்க லேப்ல பார்த்ததுதானே? நம்பி வாங்கலாமா?” என்று கேட்டார். அவள் கையெழுத்துப் போட்ட அதே எண். எதிர் மேசையில் மேலாளர்.

“பாஸ் ஆயிடுச்சுண்ணா.”

வெளியே போய்த் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். சாயங்காலம் வாய் வரவில்லை. நாலாம் நாள் அண்ணன் விதைத்தே விட்டார்.

விதைத்த கையோடு மழை அடித்து மண் இறுகிப்போனது. அவள் போய்ப் பார்த்தபோது பாத்திகள் சொட்டை சொட்டையாகக் கிடந்தன. விரலால் கிளறினாள். முளை வந்திருந்தது, மண்ணை முட்டித் திறக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே சுருண்டு அழுகியிருந்தது.

“பாழாப்போன மழைம்மா” என்றார் அண்ணன்.

“மழையில்லண்ணா. விதைதான். எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “தெரிஞ்சேவா வாங்கச் சொன்னே?”

அண்ணி, கொண்டுவந்த டீயை அவள் கையில் கொடுக்காமல் வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பருவம் போனது போனதுதான். அண்ணன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். அவள் அடுத்த அறிக்கையில் வீரியத்தையும் ஒரு வரி எழுதினாள். மேலாளர் அந்த வரியைச் சுழித்து, அது இல்லாமல் வேறு தாளில் எழுதிவரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு வேறு வேலை தெரியாது.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததே வேறு யாரோ சொல்லித்தான் காதுக்கு வந்தது. அன்றைக்கு அவள் மேசையில் கத்தரி விதை. எத்தனை தடவை எண்ணியும் கணக்கு நிற்கவில்லை.