மீட்டர் பெட்டியில் ஒரு செப்புத் தகடு

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் ஜாமில் ஊர்ந்து வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். அதுவும் ஒரே ஒரு ஸ்மார்ட் மீட்டருக்காக! அந்தத் தாமான் குடியிருப்பில் மற்ற மீட்டர்களெல்லாம் ஒழுங்காகச் சிக்னல் அனுப்பின. மூலை வீட்டு மீட்டரிலிருந்து மட்டும் மூச்சு பேச்சு இல்லை. மீட்டர் சொல்வது காற்று வழியாக எங்கள் மின்சார ஆபீசுக்குப் போய்ச் சேருகிறதா என்று நேரில் போய்ச் சோதிப்பதுதான் என் வேலை.

கேட்டைத் திறந்த அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கரண்ட கட் பண்ணிடாதம்மா, உள்ள அவருக்கு மெஷின் ஓடுது" என்றார். ஹாலில் அவர் கணவர் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். முன்பு ஒருநாள் கரண்ட் போனபோது போன் அடித்து அடித்து, லைன் கிடைப்பதற்குள் கையிருப்பு சிலிண்டர் முக்கால்வாசி தீர்ந்துவிட்டதாம். என் கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

இந்தப் புது மீட்டர், கரண்ட் போன கையோடு தானே ஆபீசுக்குத் தகவல் அனுப்பும். இந்த வீட்டைப் போல மெஷின் ஓடுவதாகப் பதிந்து வைத்த வீடென்றால், ஆபீசிலிருந்தே முதலில் கூப்பிடுவார்கள். யாருக்கு இது அவசியமோ, அவர் வீட்டில்தான் அது ஊமையாகக் கிடந்தது.

போர்ச்சிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து சோதித்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. கதவை மூடினேன், சுத்தமாக இல்லை. திறந்தால் இருக்கிறது, மூடினால் போகிறது. என்னடா இது கூத்து! அப்புறம்தான் கதவை ஒழுங்காகப் பார்த்தேன். ரீடிங் பார்க்க விட்டிருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலை முழுசாக மறைத்து, சந்தனம் குங்குமத்தோடு ஒரு செப்புத் தகடு. அந்த இரும்புப் பெட்டியிலிருந்து சிக்னல் வெளியே வர அந்த ஜன்னலை விட்டால் வேறு வழியில்லை.

"இத எதுக்குக்கா இங்க ஒட்டினீங்க?"

"இனிமே மீட்டர் பாக்க ஆள் வராதுன்னு நீங்கதானே நோட்டீஸ் போட்டீங்க? ஜன்னல் சும்மாதானே கெடக்கு. கரண்ட் போகக்கூடாதுன்னு கோயில்ல பூஜை பண்ணி வாங்கிட்டு வந்தேன்லா."

சிரிப்புத்தான் வந்தது. நோட்டீஸ் எங்களுடையதுதானே!

விஷயத்தை விளக்கினேன். அக்கா தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. "இத வெச்சதுலேர்ந்து ஒரு தடவகூட கரண்ட் போகலம்மா. எடுத்ததும் போச்சுன்னா?"

உள்ளேயிருந்து அவர் கணவர் மெதுவாகச் சொன்னார்: "என் பக்கத்துல கொண்டு வந்து வை. மீட்டருக்கு மட்டுந்தான் சாமியா?"

அக்கா முறைத்தார். பிறகு தானே பார்த்துப் பார்த்துக் கழற்றி, அவர் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அவரைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, ஆபீசில் யாருக்கும் சொல்லாமல், மீட்டருக்குக் கரண்ட் வரும் ஃபியூஸையே கழற்றிப் பெட்டிக் கதவை மூடினேன். சொல்லிவிட்டுச் செய்தால் அது என்ன சோதனை? மெஷின் நின்றது, காற்றாடி நின்றது. அக்கா கணவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கடவுளே, மானத்தைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன்.

அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு தமிழ்ப் பெண் குரல்.

"உங்க வீட்டுல கரண்ட் இல்லன்னு தெரியுது ஆன்டி. அங்கிள் நல்லா இருக்காரா? ஆள் அனுப்புறோம்."

அக்கா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நான் இன்னும் கூப்பிடவே இல்லையேம்மா!" என்றார்.