சவேலியின் காலுறை

எங்கள் சைபீரிய ஊரின் பாடற்குழுவில் அடிக்குரல் என்றால் சவேலிதான். கொதிகலன் கூடத்தில் வேலை. உள்ளே வேர்த்துக் கொட்டும். வெளியே மைனஸ் முப்பது. மூன்று வருடமாகப் பிப்ரவரி விழா நெருங்கும்போதெல்லாம் சளிக்காய்ச்சல் வந்து ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். அவர் பக்கத்தில் நிற்கிறவன் நான். மூன்று விழாவிலும் காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். இந்த முறையும் படுத்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் குழுத்தலைவி அல்பினா கறாராகச் சொல்லிவிட்டார்.

மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜூனில் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நனைக்க ஆரம்பித்தார். வாரம் ஒரு டிகிரி குறைத்துக்கொண்டே போய், டிசம்பரில் முற்றத்துப் பனியில் வெறுங்காலோடு நின்று, வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"ஐஸ் தண்ணிக்கு அசராது. ஜன்னலை ஒரு விரக்கடை தெறந்தா மட்டும், காத்து அடிக்குது மூடுன்னு ஊரைக் கூட்டும்," என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள் அவர் மனைவி ரயிசா.

"அது வேற, இது வேற," என்றார் சவேலி.

ஜனவரியில் ஊரே இருமியது. அவர் இருமவில்லை.

விழாவன்று மதியம் அவரைக் கூட்டிப்போகப் போனேன். உடை மாற்ற உட்கார்ந்தவர் காலுறையைக் கழற்றி உதறினார். ஒரு தும்மல். அதன் பின்னால் ஐந்தாறு. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"போச்சுடா. எட்டு மாசப் பாடும் வீணு. அல்பினாகிட்ட நீயே சொல்லிடு."

ரயிசா வாசலில் தயங்கி நின்றாள்.

"காலைல அந்தக் காலுறைக்குள்ள கடுகுத்தூள் போட்டு வச்சேன். சளிக்கு எங்கம்மா போடுவாங்க. உன் வாளியை நம்பி உக்காந்திருக்க முடியுமா, சவேலி?"

"காலு எரியலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எரிஞ்சுது. பயிற்சி பலிச்சு ஒடம்புல சூடு ஏறுதுன்னு நெனச்சேன்."

ரயிசா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்ததாம். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை மேடையில் அவர் குரல் என் நெஞ்செலும்பு வரை அதிர்ந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நான் பாட வேண்டிய வரி வந்து போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டே நின்றேன். அல்பினா முறைத்தார். முறைக்கட்டும்.