போடியார் வீட்டுக் கதிரை

களுவாஞ்சிக்குடிச் சந்தையைத் தாண்டித் துறைக்குப் போகும் ஒழுங்கையில் அப்பா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். போடியார் வீட்டுப் படலையை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். நான் படிக்கப் போவதற்கான கடிதம் அவர் மடியில் இருந்தது. எங்களுக்குச் சோறு போட்ட வயல் கைவிட்டுப் போயிருந்தது. இரண்டும் ஒரு கால்மணி நேரத்துக்குள் நடந்தவை. வயல் போனது என்னால்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். நான் போடியார் முன்னால் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வீடு. அங்கே இயக்கப் போராளிகள், கிழக்கே அரசாங்கத்தின் ஆமி. சண்டை மூண்டதும், பெரிய நிலக்காரரான போடியார் வயல்களை எங்கள் பக்கம் விட்டுவிட்டு மகள் வீட்டோடு அக்கரைக்குப் போய்விட்டார். அப்பா அவருடைய முல்லைக்காரர். போடியாரின் வயலை உழுது, விதைத்து, காவல் காத்து, அறுவடையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்பவர்.

கதிரையில் இருக்கச் சொல்லித் தந்தவர் எங்கள் டீச்சர். பயிற்சிக் கலாசாலையிலிருந்து நேரே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். இருபத்துமூன்று வயதிருக்கும். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வசதியானவர்களின் உலகத்துக்கென்று எழுதாத சட்டங்கள் சில உண்டு, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதைப் பழக்கிவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பார். "கணக்கில நூறு எடுத்தும் அரசாங்கக் கந்தோர் வாசல்ல நடுங்கினா என்ன பிரயோசனம் பிள்ளைகள்?"

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் இதற்குத்தான். கூரை பாதி போன வகுப்பில் முழுசாக இருந்த ஒரே கதிரையை முன்னால் போடுவார். நாங்கள் ஒவ்வொருவராக வெளியே போய், நிலையில் தட்டி, உள்ளே வந்து வணக்கம் சொல்லி, கதிரையில் நிமிர்ந்து இருந்து, டீச்சரின் கண்ணைப் பார்த்து, வந்த காரியத்தை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். ஒருவன் தட்டிவிட்டு, "எனக்கு ஒண்டும் வேணாம் டீச்சர்" என்று ஓடியே போனான். ஒருத்தி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கதிர கடிக்காது புள்ள, முழுசா இரு!"

எனக்கு மட்டும் அது முதல் தடவையே வந்தது. பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள், "துரை வாறார், தள்ளுங்கடா!" என்று கத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டவுனில் ஒரு விடுதி வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்த்துச் சோறும் படிப்பும் கொடுத்தது. ஊரில் மதிப்புள்ள ஒருவரின் கடிதம் மட்டும் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த மதிப்புள்ள மனிதர் போடியார் ஒருவர்தான்.

அவருடைய விறாந்தையில் ஆறு கதிரைகள் கிடந்தன. முல்லைக்காரர்கள் படிக்குக் கீழே நின்று கதைப்பதுதான் வழக்கம். அப்பா தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். நான் படியேறினேன். தூணில் தட்டினேன். வணக்கம் சொன்னேன். முழுசாக இருந்தேன்.

"ஐயா, நான் விடுதியில் சேர்ந்து படிப்பதற்கு உங்கள் கடிதம் ஒன்று தேவை."

போடியாரின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னடாப்பா, உன்ட மகன் ஏஜண்டுத்துரை மாதிரியெல்லோ இருக்கான்!"

"சின்னப் பொடியன் போடியார். டீச்சர் சொல்லிக் குடுத்தது."

"இருக்கட்டும், இருக்கட்டும். துரைமாரோட பழகப் போற ஆள்தானே."

சிரித்துக்கொண்டே நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்து, கடிதத்தை என்னிடம் தராமல் அப்பாவைக் கூப்பிட்டு நீட்டினார். அதற்குப் பிறகுதான், "மாரி வெள்ளாமய வேற ஆள் செய்யட்டும், என்ன?" என்றார்.

"ஓம் போடியார்."

அவ்வளவுதான். அப்பா கெஞ்சவில்லை, காரணம் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் செய்த வயல்.

துறையில் ஆமி காவலரண். டீச்சரின் சட்டங்களில் ஆமி இல்லை. அங்கே தலையைக் குனிந்து, கை இரண்டும் தெரிய நிற்க வேண்டும். சிப்பாய் கடிதத்தை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஸ்கூல்?" என்றான். "ஓம் சேர்" என்றேன் நிலத்தைப் பார்த்தபடி.

தோணி பாதி வாவிக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, நான் எழும்பி நிண்டிருக்கணுமா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இருந்தது சரிதான் மனே."

கோபத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்து, "திங்கக்கிழம இவன் டவுனுக்குப் போறான், உடுப்புத் தோய்ச்சு வை" என்றார். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வயல்வட்டை வரம்பில் போய் நின்று அறுத்த நெல்லின் அடித்தாளைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். இரண்டு தங்கச்சிகள் இருந்தார்கள். வயலைத் தொலைத்தவன் நான், சோறு கிடைக்கும் இடத்துக்குப் போகிறவனும் நானா?

அந்த வயலைப் போடியார் நாங்கள் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே மில்காரர் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். தோணிக்காரர் மூலம் அப்பாவுக்குச் செய்தியும் வந்திருந்தது. வயலுக்காக வாதாடினால் கடிதமும் கிடைக்காது என்று தெரிந்து, அதை விட்டுக்கொடுத்து இதைக் கேட்கத்தான் அவர் அன்று அக்கரைக்குப் போனார். இதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, நான் வவுனியா, புத்தளம் என்று எங்கெங்கோ வேலைக்கு அலைந்துவிட்டு ஒருமுறை வந்திருந்தபோது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. நான் நின்றிருந்தாலும் வயல் போயிருக்கும். அன்று அது எனக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரிந்திருக்காது.

போடியார் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் விடிந்ததும் கடிதத்தை அம்மாவின் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, விறகு லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு செங்கலடிப் பக்கம் போய் இறங்கினேன். ரோட்டோரத்தில் ஒரு செங்கல் சூளை.

"எத்தின வயசுடா?" என்றார் முதலாளி.

"பதினாறு."

"மீசையக் காணல்ல. படிக்கலயா?"

"இல்ல."

"மண் மிதிப்பியா?"

"ஓம்."

மாரி மழைக்கு முன் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு போய்ப் போடியாரிடம் வயலைத் திருப்பிக் கேட்டுவிடலாம், அதுவரைக்கும்தான் என்று எண்ணிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக் குழிக்குள் இறங்கினேன்.