உச்சிவேளையில் அளந்த நிழல்

ஏழுமலையின் மூன்று விரல்களைப் பறித்தவன் நான். தொழிற்சாலை பிரஸ் மெஷினில் போனவை என்று ஊர் சொல்லும்... நம்பாதீர்கள்!

1991. வல்லக்கோட்டைக்கு அருகே ஓர் ஏரிக்கரையில், ஒரு கம்பெனி சோதனைக்காகக் காற்றாலை நிறுத்த இருந்தது. அதனால் சுற்றியிருக்கும் மனிதருக்கும் பறவைக்கும் என்ன கேடு வரும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கொக்குகளை எண்ணினேன். மரங்களை எண்ணினேன். காற்றாலை வரும் இடத்துக்கு மேற்கே ஒரே ஒரு ஓலை வீடு, ஏழுமலையுடையது.

அவர் மனைவி கன்னியம்மா கேட்டார்: "சார், இவரு நைட் ஷிப்டு முடிச்சுகினு வந்து காலைலதான் படுக்குறாரு. அது சுத்தற நெழலு வூட்டு மேல வுழாதா?"

ஏழுமலை சிரித்தார். "வுழட்டும் வுடு! ஃபேன் வாங்குற செலவு மிச்சம்."

காற்றை அளக்க அங்கே ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். உச்சிவேளை. நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது.

"பாருங்கம்மா, உங்க வீட்டுப் பக்கமே வரல" என்றேன்.

காலையில் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! என் ஊரான படப்பையில் ஐந்தேமுக்கால் பஸ்ஸைப் பிடித்திருந்தால் போதும். எழுந்திருக்கச் சோம்பல்... அவ்வளவுதான். நிழலால் பாதிப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆடியில் காற்றாலை சுற்றத் தொடங்கியது. கன்னியம்மா சொல்லி அனுப்பவே, ஒருநாள் காலையில் போனேன். ஓலை இடுக்கெல்லாம் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி... நிமிடத்துக்கு நூற்றிருபது முறை. ஆம், எண்ணினேன். வேறென்ன தெரியும் எனக்கு!

முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டார் ஏழுமலை. "மூடினாலும் அடிக்குது சார்."

"காலையில நிறுத்தச் சொல்றேன்" என்றேன். கம்பெனியில் சொன்னால், முன்பே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்களே... சொல்லவில்லை.

அடுத்த மாதம் விரல்கள் போயின.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டீ கிளாஸ் இடக்கையில் இருந்தது. "இன்னா சார், சௌக்கியமா?" என்று அவரே கூப்பிட்டார். "ஒரு செகண்டு கண்ணு சொருகிடிச்சு சார். மெஷினு மேல தப்பு இல்ல. எம் மேலதான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்...

"உடம்பைப் பார்த்துக்குங்க" என்றேன்!

அந்த ஐந்தேமுக்கால் பஸ் இன்றும் என் வீட்டைக் கடந்துதான் போகிறது. அதன் சத்தம் கேட்குமுன்பே தினமும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.