அப்பா விழ மறுத்த விளம்பரம்

அப்பாவின் மேல் எப்போதும் டீசலும் வேர்வையும் கலந்த வாசனை இருக்கும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் முகத்தில் கல்யாணப் பெண்ணின் பவுடர் மணத்தது. கிள்ளானில் நாங்கள் குடியிருந்த மலிவுவிலை அடுக்குமாடியில், மூன்றாம் மாடி நடைபாதையில் அவரை உட்காரவைத்து, ஒப்பனைக்கார அக்கா ஒருவர் அவருடைய மூக்கு நுனிக்கும் கண்ணோரங்களுக்கும் சிவப்புச் சாயம் தடவிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்கு "லோரி" ஓட்டிய, வாழ்நாளில் ஒரு சொட்டு "தண்ணி" தொடாத என் அப்பாவைக் குடிகாரராக மாற்றும் வேலை அது.

எங்கள் நாட்டில் தீபாவளி வருகிறதென்றால் பலகாரத்துக்கு முன்னால் விளம்பரம் வந்துவிடும். பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொரு குட்டிக் கதையை எடுத்துத் தொலைக்காட்சியில் விடும். எது அதிகம் அழவைத்தது என்று பள்ளியில் பேசிக்கொள்வோம். அப்படியொரு விளம்பரத்துக்கு "உண்மையான வீடு, உண்மையான ஆளுங்க" வேண்டுமென்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த படக்குழு, எங்கள் மாடியையும் மீசைக்கார அப்பாவையும் தேர்ந்தெடுத்தது. விளக்கேற்றிவிட்டுப் பிள்ளைகளோடு சிரித்தால் போதும் என்றுதான் அப்பா நினைத்திருந்தார்.

டிவியில் வரப்போகிறோம் என்ற பெருமையில், அம்மாவும் மாடியிலிருந்த மற்றவர்களும் முந்தின நாளே "கோத்தோங் ரோயோங்" என்று ஒன்றாகக் கூடிச் சுவரைத் தேய்த்து, தரையைக் கழுவி, புதுத் திரைச்சீலை மாட்டிவைத்தார்கள். காலையில் வந்த குழு தலையில் கைவைத்துக்கொண்டது. காப்பித்தூள் கரைத்த தண்ணீரைச் சுவரில் தெளித்து, கொண்டுவந்திருந்த காலிப் போத்தல்களை வாசலில் பரப்பினார்கள்.

"ஏன்யா, இல்லாதவங்க வீட்டக் கழுவ மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"ஆன்டி, பளிச்சுன்னு இருந்தா டிவியில யாரும் நம்ப மாட்டாங்க லா" என்றான் கேமரா பிடித்த பையன்.

கதையை அப்போதுதான் சொன்னார்கள். குடித்துவிட்டுத் தள்ளாடி வரும் அப்பா, தீபாவளிக் கோலத்தின் மேல் குப்புற விழுவார். சுற்றி நிற்கும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அந்த நேரம் நிறுவனத்தின் பரிசுக்கூடை வந்து சேரும். அப்பா கண்ணீர் விட்டுத் திருந்திவிடுவார். அம்மா அப்பாவைப் பார்த்தார். ஒப்புக்கொண்டு ஆள்களையும் வரவழைத்தாகிவிட்டது. அப்பா எழுந்து போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றார்.

சிரிக்க வேண்டிய பிள்ளைகளில் நானும் இருந்தேன், பக்கத்து வீட்டுக் கலாவும் இருந்தாள். கலாவின் அப்பா மணியம் அங்கிள் நிஜமாகவே குடிப்பவர். "சம்சு" என்கிற மலிவுச் சாராயம் உள்ளே போனால் அவர் எந்தப் படியில் உட்கார்ந்துவிடுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும், ஷூட்டிங் பார்க்க வேண்டுமென்று, முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுத் தன் வாசலில் நின்றிருந்தார்.

"நான் கைதட்டினதும் சிரிக்கணும், ஓகே? சத்தமா!" என்றார் இயக்குநர். அப்பா தள்ளாடி வந்தார். கைதட்டல் கேட்டது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, கோலத்துக்கு ஓரடி முன்னால் அப்பா நேராக நிமிர்ந்து நின்றுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கலாவை. கலா பார்த்துக்கொண்டிருந்தது வாசலில் நின்ற தன் அப்பாவை.

"என்ன அங்கிள்? தைரியமா விழுங்க, கீழ மெத்தை போட்டிருக்கோம்."

"எனக்கு மெத்தை இருக்கு தம்பி. அந்தப் பிள்ளைக்கு எங்க இருக்கு?"

இயக்குநருக்குப் புரியவில்லை. "சும்மா காமெடி லா அங்கிள். கடைசியில நீங்க திருந்திடுறீங்கதானே?"

"ஒரு கூடை முறுக்கு குடுத்தா திருந்திடுவாங்களா? குடிச்சிட்டு வந்து விழற வீட்டுல பிள்ளைங்க சிரிக்காது தம்பி. நெஜத்துல நடக்கிறபடி எடுங்க, நடிக்கிறேன். அதுங்களச் சிரிக்கச் சொன்னா, நான் விழ மாட்டேன்."

யாருக்கோ போன் போட்டுப் பேசினார்கள். கதையை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம் என்று முடிவானது. அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைக்க, சாயம் கன்னம் வரைக்கும் பரவியது. மணியம் அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, உங்களுக்கு நடையே சரியா வரல. என்கிட்ட கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்ல?" என்றார். அப்பா வெடித்துச் சிரித்தார். பிறகு கலா சிரித்தாள், யாரும் கைதட்டிச் சொல்லாமலே.

விளம்பரம் வேறொரு மாடியில், வேறொரு அப்பாவை வைத்து எடுக்கப்பட்டு, தீபாவளிக்கு வந்தது, பலர் பாராட்டினார்கள். "என்னடா ஹீரோ, உன்னத் தூக்கிட்டாங்களாமே?" என்று லோரிக்காரர்கள் கிண்டலடித்தபோது, "விழத் தெரியலன்னு தூக்கிட்டாங்கடா" என்று அப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அங்கே இதைப் போன்ற ஒரு விளம்பரத்தைத் திரையிட்டு, சமூக அக்கறைக்கு உதாரணம் என்றார் விரிவுரையாளர். நான் எழுந்து, பள்ளிக்கூடம் போகாத என் அப்பா கேட்டதை அப்படியே கேட்டேன்: "ஒரு கூடை முறுக்கு குடுத்தா திருந்திடுவாங்களா?" வகுப்பு முடியும் வரை வேறெதையும் நாங்கள் பேசவில்லை.

மணியம் அங்கிள் குடியை விடவில்லை. விட்டார் என்று எழுதினால் நானும் ஒரு விளம்பரம் எழுதியவனாகிவிடுவேன். அவர் இன்று இல்லை. அந்த அடுக்குமாடியையும் இடித்துவிட்டார்கள். சுற்றிலும் தகரவேலி போட்டு, வரப்போகும் சொகுசு மாடியின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, சம்பள நாள் சாயங்காலங்களில் மணியம் அங்கிள் கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு படியைப் பிடித்துக்கொண்டு நின்றால், எங்கள் மாடிப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இறங்கிப் போவோம். "அங்கிள், ஹெல்மெட்டக் குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்போம். அவர் கொடுப்பார். அவர் எவ்வளவு மெதுவாக ஏறினாலும், அவருக்கு முன்னால் நாங்கள் ஏறியதில்லை.