மாணவன் வேடத்தில் ரோச்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிறு பிடிக்கும் ரோச்சுக்கு மேடை என்றால் பயம். முன்பு ஒரு பெரிய வெள்ளியன்று நடந்த நாடகத்தில் அவருக்குப் பேதுரு வேடம். கோழி கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஒரு முறைகூட வாயில் வரவில்லை. திரைக்குப் பின்னால் கோழி மட்டும் கூவிவிட்டது. அதிலிருந்து தெருவில் அவர் பெயர் கோழி. பள்ளியில் அவர் மகளும் கோழி மவள்தான்.

ஆகவே தேவாலயப் பங்கின் வாசகர் வட்டத்தை நடத்தும் ஆசிரியர் ஜெபசீலன் ஒரு வாசிப்புக்கு மேடையேறும்படி வந்து கேட்டபோது ரோச் எழுந்தே போய்விட்டார். ஜெபசீலன் விடவில்லை.

“வே, உமக்கு வசனமே கிடையாது. நான் வாசிப்பேன், நீரு உக்காந்து கேட்டாப் போதும்.”

“அதுக்கு எதுக்கு நான்? ஒரு தூணை நிறுத்தும்.”

“தூணுக்கு மொகம் கிடையாதுல்லா.”

ஆதித் திருச்சபையின் இறையியலாளர் ஒருவர் தம் மாணவனுக்கு எழுதிய கடிதங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. ஜெபசீலன் வாசிக்கப் போவது அவற்றைத்தான். மாணவன் எழுதிய பதில்கள் அழிந்துவிட்டன. அதனால் மேடையில் மாணவனுக்குப் பேச ஒன்றுமில்லை. ரோச் மகளைக் கேட்டார்.

“பேசாம இருந்தா யாரும் சிரிக்க மாட்டாவ, போங்கப்பா” என்றாள்.

வாசிப்பு நடந்த அன்று பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போல இருவர் சட்டையிலும் மைக்கைக் குத்திவிட்டார். கடிதங்கள் எல்லாமே உயர்ந்தவை என்று சொல்ல முடியாது. அறிவுரை நீளம், ஒரே கருத்து பல வடிவில் வரும். ஜெபசீலனும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல வாசித்தார். பின்வரிசையில் பேச்சு கிளம்பியது.

புரியாததை உடனே புரிந்துகொள்ள அவசரப்படாதே என்று ஆசான் சொல்லும் இடம் வந்தது. “ம்” என்று ஒரு குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. ரோச்சின் குரல். தன்னிடம் ஒருவர் நீளமாகப் பேசும்போது உம் கொட்டாமல் இருப்பது இங்கே மரியாதையில்லை. அவரை அறியாமல் வந்துவிட்டது.

சிலர் சிரித்தார்கள். ரோச் வாயை இறுக மூடிக்கொண்டார். ஜெபசீலன் தாளிலிருந்து நிமிர்ந்து, அடுத்த வரியை அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். பிறகு காத்திருந்தார். வேறு வழி தெரியாமல் ரோச் மறுபடியும் “ம்” என்றார்.

அதன்பின் வாசிப்பு வேறாகிவிட்டது. அழிந்துபோன பாதி திரும்பக் கிடைத்தது என்றால் மிகை. ஆனால் அந்தக் கடிதங்களைக் கேட்க ஒருவன் இருந்தான் என்பது நம்பும்படி இருந்தது. மாணவனின் தந்தை இறந்த சேதிக்கு எழுதிய கடிதத்தின்போது ரோச் உம் கொட்டவில்லை. பின்வரிசையிலும் சத்தமில்லை.

முடிந்ததும், உடன் வேலை பார்க்கும் டிக்சன் மேடையோரம் வந்தார். ரோச் குனிந்தபடி மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏலே, எங்கன உம் கொட்டணும்னு சார் எழுதிக் குடுத்தாரோ?”

ரோச் சற்று யோசித்தார். “பின்ன?” என்றார்.

கீழே நாற்காலிகளுக்கு நடுவே மகள் தோழிகளோடு நின்றிருந்தாள். “ஏளா, உங்கப்பாவா அது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமா, எங்கப்பாதான்.”

மதியம் எதுவும் சாப்பிடவில்லை என்பது ரோச்சுக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றாகப் பசித்தது.