கொடிக்காரரின் வலது கை

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டுகிறவர் என்பதால் கொடிக்காரர். நூறு வயதைத் தாண்டிய வீடுகள், செதுக்கு வேலை செய்த கதவுகள், மரக் கம்பி போட்ட மாடி முகப்புகள். இவற்றுக்கு நடுவே இரண்டு ரயில் பாதைகள் குறுக்கே ஓடின. பாதையோரத்தில் ஒற்றை அறைக் கேபின். அதன் முதுகில் ஒட்டினாற்போல ரயில்வே கொடுத்த இரண்டு அறை வீடு. கேபினில் வேலை, வீட்டில் மனைவி. இருபத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து டெலிபோன் அடிக்கும். 'வண்டி கிளம்பிடுச்சு' என்பார்கள். அவர் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி கேட்டை இறக்குவார். வாகனங்கள் நின்றுவிடும், மனிதர்கள் நிற்க மாட்டார்கள். குனிந்து உள்ளே புகுந்துவிடுவார்கள். திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அவரே ஓர் ஏற்பாடு செய்தார். இடது கையில் ரயிலுக்குக் கொடி. வலது கை தெருவுக்கு. வலது கை உயர்ந்திருக்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது. இறங்கினால் போகலாம்.

எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குத் தெரு முழுசாகக் கட்டுப்பட்டது. நாளாக நாளாக, ரயில் வருகிறதா என்று யாரும் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கையை மட்டும்தான் பார்த்தார்கள்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்குக் காது மங்கத் தொடங்கியது. ரிசீவரைக் காதோடு அழுத்தினால் பேச்சு பிடிபடும். எட்டத்து மணிதான் பிடிபடாது. கேபினில் இருக்கும்போது இடது உள்ளங்கையை டெலிபோன் மேலேயே வைத்துக்கொண்டார். மணி அடித்தால் அதிர்வு கையில் ஏறும். செய்தித்தாள் படிப்பதை விட்டார். டீயைக்கூட ஒற்றைக் கையால் குடித்தார்.

ஆனால் வெளியே கொடியோடு நிற்கும்போது டெலிபோன் மேல் வைக்க எந்தக் கையும் மிச்சமில்லை. சில நேரம் ஒரு வண்டி போன சூட்டோடு எதிர்த்திசையில் இன்னொன்று வரும். கேட் ஏற்கெனவே மூடியிருப்பதால் அதற்கு ஸ்டேஷனிலிருந்து டெலிபோன் மணி மட்டும் அடிப்பார்கள், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். அந்த மணி அவருக்கு எட்டுவது நின்று ஒரு வருஷமாகிறது. அதனால் வண்டி போன பிறகும் கையை இறக்காமல், பாதையின் வளைவையே வெறித்துப் பார்த்தபடி நின்றார். கேட்டை ஒட்டித் தையல்கடை வைத்திருந்த அக்கா தினமும் சத்தம் போடுவாள்.

"என்னங்க கொடிக்காரரே, கை அங்கேயே காய்ச்சுத் தொங்கிடும்போல! அடுப்புல பால வச்சுட்டு வந்திருக்கேன், இறக்குங்க."

அவள் வாயசைவைப் பார்த்து அவர் சிரிப்பார். சட்டைக்குள் வியர்வை முதுகெலும்பு வழியே இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் ரயில்வே ஒரு திட்டத்தோடு வந்தது. உயரமான கம்பம், மின்னும் சிவப்பு விளக்கு, ஓயாத மணி, தானாக இறங்கும் கேட், யாரும் குனிந்து புகாதபடி இரண்டு பக்கமும் இரும்பு வேலி. தெரு கொதித்தது. போராட்டத்துக்குத் தலைவர், மாடி வீட்டு வக்கீல். நல்ல மனிதர், தெருவின் ஒவ்வொரு கதவுக்கும் வரலாறு சொல்லக்கூடியவர்.

"இத்தனை வருஷமா காப்பாத்தி வச்ச தெரு இது. வேலி போட்டா ஜெயில் மாதிரி ஆயிடும். எங்களுக்கு எதுக்குய்யா மெஷினு? கொடிக்காரர் கை இருக்கு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. முதல் வண்டி போனது. கொடிக்காரர் வளைவைப் பார்த்தார். வெறுமை. தோள்பட்டை வலி உயிரை எடுத்தது. கையை இறக்கினார். தெரு நகர்ந்தது. தையல்கார அக்கா துணி மூட்டையோடு முதல் தண்டவாளத்தைத் தாண்டி நடுவில் வந்தபோது, எதிர்ப் பக்கம் நின்ற ஒரு லாரி டிரைவரின் வாய் அகலத் திறப்பதை அவர் கண்டார். திரும்பினார். வளைவில் எஞ்சின்.

கை தானாக உயர்ந்தது. அத்தனை பேரும் ஆணி அடித்தாற்போல நின்றார்கள். அக்காவின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் பெட்டிகள் ஓடின. காற்று அவள் மூட்டையை அவிழ்த்துத் துணிகளை வாரி இறைத்தது.

ரயில் போனதும் தெருவே கை தட்டியது. "கண் இமைக்கிற நேரத்துல காப்பாத்திட்டாரு!" என்றார்கள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வக்கீல் அன்று மாலையே அதை மனுவில் முதல் பத்தியாக எழுதி, கையெழுத்துக்குக் கொண்டுவந்து நீட்டினார். "நாளைக்கு வாங்கிக்குங்க" என்றார் கொடிக்காரர். எழுத்தெல்லாம் அவர் கண்ணில் எறும்பாக ஊர்ந்தது.

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தபோது சொன்னார்:

"இந்தா, நான் டியூட்டில இருக்கும்போது நீ லைனைத் தாண்டாதே. என்ன வேணுமோ சொல்லு, நான் வாங்கிட்டு வர்றேன்."

அவள் அவரையே பார்த்தாள். "ஒரு வருஷமா பாக்கறேன். முதுகுக்குப் பின்னால பேசினா நீங்க திரும்பறதில்ல. எம்மேல ஏதோ கோவம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"வெளிய சொன்னா வேலை போயிடும். இந்த வீடும் போயிடும். இன்னும் ஒன்றரை வருஷம் தள்ளிட்டா..."

"சரிங்க. நான் தாண்டல." அவள் தட்டை எடுத்தபடி எழுந்தாள். தன் உதட்டை அவர் பார்க்க முடிகிற மாதிரி திரும்பி நின்றாள். "அந்தத் தையல்கார அக்கா தாண்டலாமா?"

மறுநாள் வக்கீல் வீட்டு மாடியில் கூட்டம். ரயில்வேயிலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா வரைபடங்களோடு வந்திருந்தார். வக்கீல் மனுவைப் படித்து முடித்து, "இதோ, ஆளே இருக்காரு. அவரே சொல்லட்டும்" என்று தோளைத் தொட்டு எழுப்பினார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார் கொடிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். "இந்தக் குசும்பு மட்டும் இவருக்குப் போகவே போகாது!" என்றார் யாரோ.

"நீங்க சிரிக்கிறது தெரியுதுங்க. சத்தம்தான் வரல." "நேத்து நான் யாரையும் காப்பாத்தல. ரெண்டாவது வண்டிக்கு மணி அடிச்சிருக்கு, எனக்குத் தெரியல. கையை இறக்கினதே நான்தான்."

தையல்கார அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டதை அவர் பார்த்தார். அதன் பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம். கேபினுக்கு வேறு ஆள் வந்தான். நல்ல காது, ஓங்கிய குரல். வக்கீல் மனுவை மாற்றி எழுதினார். 'ஆளைத்தான் மாற்றியாயிற்றே, கம்பம் எதற்கு?'

அடுத்த வாரம் கொடிக்காரரும் மனைவியும் வாடகைக்கு ஓர் அறை பார்க்கக் கிளம்பினார்கள். அறை பாதைக்கு அந்தப் பக்கம். கேட் மூடியிருந்தது. வழக்கம்போலக் கூட்டம் குனிந்து உள்ளே புகுந்தது, அவர்களையும் தள்ளிக்கொண்டு. முதல் வண்டி போனது. புதிய ஆள் கேபின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைக்க. அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது கொடிக்காரருக்கு மெல்லத்தான் உறைத்தது. தையல்கார அக்கா, லாரிக்காரர்கள், வக்கீல்கூட. எதைப் பார்க்கிறார்கள் என்று தலையைத் தூக்கினார். அவருடைய வலது கை மேலே இருந்தது. எப்போது உயர்ந்தது என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது வண்டி வந்தது. போனது. புதிய ஆள் சக்கரத்தைச் சுற்றி கேட்டைத் தூக்கினான். வாகனங்கள் உறுமுவது காலடி மண்ணில் தெரிந்தது. நடந்து வந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. மனைவி அவர் முகத்துக்கு எதிரே வந்து, வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள்:

"போயிடுச்சுங்க. இறக்குங்க."

அவர் வளைவைப் பார்த்தார். திரும்பி மறுபக்கம் பார்த்தார். மறுபடி வளைவைப் பார்த்தார். தோள்பட்டை எரிந்தது. அக்கா ஒரு காலை எடுத்து வைக்கத் தயாராக, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறக்குங்க" என்றது மனைவியின் வாய். அவர் இறக்கவில்லை.